ஆய்வுக் கட்டுரையும் அறக்கடனும்

பல்கலைக்கழகச் சூழலில் ஆய்வுக் கட்டுரை என்னும் சொற்றொடர் இன்று மிகச் சாதாரணமாக வழங்குகின்றது. கட்டுரையை எவ்வாறு அமைப்பது, சுருக்கத்தை எத்தனை சொற்களுக்குள் அடக்குவது, எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது, மதிப்பீட்டாளரின் வினாக்களுக்கு எவ்வாறு விடை எழுதுவது என்பன பற்றிப் பயிற்சிப் பட்டறைகள் நடைபெறுகின்றன. இவையனைத்தும் தேவையானவையே. ஆயின் இவை கட்டுரை எழுதுதலை ஒரு தொழில்நுட்பமாக மாத்திரமே நோக்குகின்றன. அது ஓர் ஒழுக்கச் செயலும் ஆகும் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

பிறரது உடலையும் நோயையும் வாழ்க்கையையும் பற்றி விசாரித்து அறிந்த ஒருவர், அவ்வறிவை யாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? எவ்வாறு சொல்லக் கடமைப்பட்டவர்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கலைப்பீட மாணவர் ஒருவருக்குச் சுகாதாரச் சஞ்சிகையோடு என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கக்கூடும். மலையகத் தோட்டமொன்றில் நடைபெற்ற சுகாதார ஆய்வொன்றுக்கு வினாக்கொத்தை மொழிபெயர்த்தவர்களுள்ளும், வீடு வீடாகச் சென்று விடை பெற்றவர்களுள்ளும், இறுதியிற் கட்டுரையிலே பெயர் இடப்பட்டவர்களுள்ளும் நானும் ஒருவன். அவ்வாய்வில் நான் இழைத்த தவறொன்று இவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்து என் முன் வைத்தது. அதனைப் பின்னர் கூறுவேன்.

பாயிரமும் சஞ்சிகையும்

அறிவியற் சஞ்சிகையின் வரலாறு 1665 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகத்தின் செயலாளராகிய ஹென்றி ஓல்டன்பேர்க் தொடங்கிய வெளியீட்டோடு ஆரம்பமாகின்றது என்பர். அதற்கு முன்னர் அறிஞர் தம் கண்டுபிடிப்புகளைக் கடிதங்களிலே நண்பர்க்கு எழுதினர். சிலர் மறைமொழியில் எழுதிப் பூட்டி வைத்தனர். சஞ்சிகை தோன்றியதும் ஒருவரது பெட்டியிலிருந்த அறிவு பலரது சொத்தாயிற்று. 1942 இல் சமூகவியலாளர் ரொபேட் மேர்ட்டன் விஞ்ஞானத்தின் ஒழுக்க நியமங்களை வகுத்தபோது, அறிவு பொதுவுடைமை என்பதையும், எக்கூற்றும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஐயத்துக்கு உட்படுத்தப்பட வேண்டும் என்பதையும் அவற்றுள் இரண்டாக வைத்தமை இவ்வளர்ச்சியின் சாரத்தைக் காட்டுகின்றது.

இத்தகைய சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்ட பின்னரே உலகுக்கு வந்தது என அதன் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது வெறும் விழாவன்று. அறிந்தோர் வினவ, ஆக்கியோன் விடையிறுக்கும் சோதனையும் ஆகும். இன்றைய சஞ்சிகைகள் நடத்தும் சக அறிஞர் மதிப்பீட்டை நாம் அரங்கேற்றத்தின் வழிவந்த உறவாகக் கருதுவதில் தவறில்லை. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பதனால் ஒரு நூலின் பாயிரத்தை ஆசிரியனோ, உடன் கற்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்ய வேண்டும் என்று நன்னூல் விதிப்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அதே நன்னூல் பாயிரத்திலே கூறப்பட வேண்டியனவாக எட்டினை எண்ணுகின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சிலர் சேர்த்துக் கூறுவர் என்றும் அது குறிப்பிடுகின்றது. சுகாதாரச் சஞ்சிகையொன்று கட்டுரையாசிரியரிடம் கேட்பவற்றை இப்பட்டியலோடு ஒப்பிடுதல் பயனுடையது. தலைப்புப் பக்கத்திலே ஆக்கியோர் பெயரும் நூற்பெயரும் உள. முன்னோர் ஆய்வுகளைச் சுட்டும் அறிமுகம் ‘வழி’யாகின்றது. ஆய்வு நடந்த இடமும் காலமும் முறையியற் பகுதியில் வருகின்றன. அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்னும் நான்கு பகுதி அமைப்பு ஒருவகையில் யாப்பே. ஆயின் கேட்போர் யார், பயன் எவர்க்கு என்னும் இரண்டனையும் எச்சஞ்சிகையும் அழுத்திக் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்போர் சஞ்சிகையின் வாசகர் எனவும், பயன் பொதுவாக மனிதகுலத்துக்கு எனவும் ஊகித்துவிட்டு நாம் மேலே செல்கின்றோம். எமது வினா தொடங்குவது இவ்விடத்திலேதான்.

சொல்லாமையும் பொய் சொல்லுதலும்

அறிந்ததைச் சொல்லாதிருத்தல் குற்றமா? வியன்னாப் பொது வைத்தியசாலையில் 1847 இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரேத பரிசோதனை செய்த கைகளோடு மாணவரும் வைத்தியரும் பிரசவம் பார்ப்பதே தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலுக்குக் காரணம் எனக் கருதி, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். மரணங்கள் பெரிதும் குறைந்தன. அவரது முடிவை முதலில் அச்சிலே அறிவித்தோர் அவருடைய நண்பர்களே. அவர் தாமே எழுதிய முழுநூல் 1861 ஆம் ஆண்டையே தன் வெளியீட்டு ஆண்டாகத் தாங்கியுள்ளது. அவரை ஏற்க மறுத்த வைத்திய உலகின் பிடிவாதமே பெரிய குற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் தெளிவாகவும் காலத்திலும் எழுதாமை அப்பிடிவாதத்துக்கு வாய்ப்பளித்தது என்பதையும் மறுக்க முடியாது. உயிரோடு தொடர்புடைய அறிவைப் பொறுத்தவரையிற் காலதாமதம் நடுநிலையான செயல் அன்று.

இதே கடமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிர்பார்த்த பயனைத் தராத மருந்து, வேறுபாடு காட்டாத ஒப்பீடு ஆகியவற்றை எழுதுவதிலே எவருக்கும் ஆர்வம் இல்லை. சஞ்சிகைகளும் அவற்றை விரும்புவது குறைவு. இதனால் அச்சிலே வெற்றிகள் மாத்திரம் நிற்கின்றன. தோல்விகள் மேசை இழுப்பறைகளில் உறங்குகின்றன. வாசகர் தம்மை அறியாமலே ஏமாற்றப்படுகின்றனர். உலக வைத்திய சங்கம் 1964 இல் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனம் 2000 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டபோது, சாதகமான முடிவுகளைப் போலவே பாதகமான முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும் என விதித்தமை இக்காரணத்தினாலேயே.

சொல்லுதல் கடமையாயின், பொய்யின்றிச் சொல்லுதல் அதனிலும் பெரிய கடமை. 1961 டிசெம்பரில் அவுஸ்திரேலிய வைத்தியர் வில்லியம் மக்பிரைட், ‘லான்செட்’ சஞ்சிகைக்கு எழுதிய மிகச் சிறிய கடிதமொன்றில், தலிடோமைட் என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் அங்கக் குறைபாடுகளுடன் பிறப்பதைச் சுட்டிக்காட்டினார். சில வரிகள் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளைக் காக்க உதவின. அதே மக்பிரைட் பின்னர் வேறொரு மருந்து பற்றிய ஆய்வில் விலங்குப் பரிசோதனைத் தரவுகளைத் திரித்தார் என 1993 இல் விசாரணைக் குழுவொன்று கண்டு, அவரது பெயரை வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ஒருமுறை உண்மை கூறியமை மறுமுறை கூறுவதற்குப் பிணையாகாது. மருந்தின் தீமை பற்றித் தமக்கிருந்த உறுதியே சான்றின் குறையை நிரப்பப் போதுமானது என அவர் எண்ணியிருக்கலாம். நல்ல நோக்கத்துக்காகத் தரவைத் திருத்துதல் என்னும் சபலம் தீயோரைக் காட்டிலும் நல்லோரையே நெருங்குகின்றது என்று கூறத் தோன்றுகின்றது.

அச்சேறியமை சான்றாகுமா?

ஒழுங்கான சஞ்சிகையொன்றில் வெளிவந்தமையே ஓர் ஆய்வின் ஒழுக்கத் தூய்மைக்குச் சான்று எனக் கருதுவோர் உளர். வரலாறு இக்கருத்தை ஆதரிக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் நோயுற்ற ஏறக்குறைய நானூறு கறுப்பின ஆண்களும், ஒப்பீட்டுக்காக நோயற்ற ஏறக்குறைய இருநூறு பேரும் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின்றி விடப்பட்ட நோய் உடலில் எவ்வாறு முற்றுகின்றது என்பதை அறிவதே நோக்கம். அவர்களுக்கு உண்மை கூறப்படவில்லை. ‘கெட்ட இரத்தத்துக்குச்’ சிகிச்சை நடைபெறுகின்றது என்றே அவர்கள் நம்பவைக்கப்பட்டனர். 1940 களின் பிற்பகுதியிற் பென்சிலின் நன்கு அறியப்பட்ட மருந்தாகிய பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1972 இற் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே ஆய்வு நின்றது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது, இவ்வாய்வு இரகசியமாக நடைபெறவில்லை என்பதாகும். 1936 முதல் அதன் பெறுபேறுகள் வைத்தியச் சஞ்சிகைகளிலே தொடர்ந்து வெளிவந்தன. பதிப்பாசிரியர்கள் படித்தனர், வாசகர்கள் படித்தனர். 1953 இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே, அம்மனிதரை வீடு தேடிச் சென்று பராமரித்த கறுப்பினத் தாதியாகிய யூனிஸ் றிவேர்ஸ் முதலாவது ஆசிரியராகவே குறிப்பிடப்பட்டார். உழைத்தவருக்குப் பெயர் கொடுத்தல் என்னும் நீதி அங்கு நிறைவேறியது. எனினும் அந்த நீதி அறுநூறு பேருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தொடவில்லை. அக்கட்டுரைகளைப் படித்தோரெல்லாம் முறை சரியா, எண் சரியா என்று வினவியிருப்பர். இம்மனிதர் இதனை அறிவரா என்று வினவியோர் மிகச் சிலரே.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மாத்திரம் நடத்தாது, எப்பொழுதும் நோக்கமாகவும் நடத்துக என்று இம்மானுவேல் கான்ற் 1785 இல் வகுத்த நியதி, ஆய்வு அறநெறிக் குழுக்களின் அடிப்படையாக இன்று விளங்குகின்றது. ஆய்வில் மனிதர் ஓரளவு கருவியாகவே பயன்படுகின்றனர் என்பதை மறைத்துப் பயனில்லை. எனது இரத்தத்தின் ஒரு துளி எனக்கன்றிப் பிறர்க்குப் பயன்படும் எண்ணாக மாறுகின்றது. ‘மாத்திரம்’ என்னும் சொல்லிலேதான் கான்றின் நியதி தங்கியுள்ளது. நான் அறிந்து இசைந்தேன் என்பதும், விளைவை அறியும் உரிமை எனக்கு உண்டு என்பதுமே என்னை வெறும் கருவி என்னும் நிலையிலிருந்து மீட்கின்றன. இவற்றுள் முதலாவதை இன்றைய சட்டதிட்டங்கள் ஓரளவு காக்கின்றன. இரண்டாவது பெரிதும் கைவிடப்பட்டுள்ளது.

பெயர் என்னும் பொறுப்பு

1978 இல் வைத்தியச் சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர் சிலர் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடினர். கையெழுத்துப் பிரதிகளை ஒரே அமைப்பில் தயாரிப்பதற்கான விதிகளை வகுப்பதே அவர்களின் உடனடி நோக்கம். அக்குழு பின்னர் விரிவடைந்து, யார் ஆசிரியர் எனக் கொள்ளத்தக்கவர் என்னும் ஒழுக்க வினாவுக்கும் விடை கூறியது. ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுதலில் அல்லது திருத்துதலிற் பங்கு, இறுதி வடிவுக்கு இசைவு என்னும் மூன்றும் வேண்டப்பட்டன. கட்டுரையின் எல்லா அம்சங்களுக்கும் பொறுப்புக்கூற இசைதல் என்னும் நான்காவது நிபந்தனை 2013 இற் சேர்க்கப்பட்டது. 2023 இல், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகக் குறிப்பிடலாகாது எனவும் அக்குழு அறிவித்தது. அவை பொறுப்புக்கூற இயலாதவை என்பதே கூறப்பட்ட காரணம். எழுதும் ஆற்றல் எவ்வளவு இருப்பினும் விடையிறுக்கும் கடமையை ஏற்க முடியாதது ஆசிரியர் ஆகாது என்னும் இம்முடிவு, ஆசிரியர் என்னும் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிவிட்டது. பெயர் பரிசன்று, அது பிணை.

பிணை ஏற்றவர் பார்க்காமற் கையெழுத்திட்டால் நேர்வது யாது என்பதற்கு 1998 இல் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரையொன்று உதாரணமாகும். பன்னிரண்டு குழந்தைகளை மாத்திரம் கொண்டு, சின்னமுத்து முதலிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் ஓட்டிசம் நிலையையும் தொடர்புபடுத்த முயன்ற அக்கட்டுரையிற் பதின்மூவர் பெயர்கள் இருந்தன. 2004 இல் அவர்களுட் பதின்மர் அவ்விளக்கத்தைக் கைவிட்டனர்; 2010 இற் சஞ்சிகை முழுக் கட்டுரையையும் மீளப்பெற்றது. இடைப்பட்ட காலத்திலே தடுப்பூசிக்கு அஞ்சிய பெற்றோரின் குழந்தைகள் சின்னமுத்தினாற் பாதிக்கப்பட்டனர். பதின்மூன்று பெயர்கள் ஒரு கூற்றைப் பதின்மூன்று மடங்கு உறுதியாக்கும் என்றே வாசகர் நம்புவர். ஆயின் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் எனக் கருதினால் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்.

ஏழு படிவங்கள்

இனி என் அனுபவத்தைக் கூறலாம். நாங்கள் ஆராய்ந்த பொருள் கர்ப்பிணித் தாய்மார் இரும்புச்சத்து மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்பதாகும். நானும் லயத்திலே பிறந்து வளர்ந்தவன். என் தாயார் கொழுந்து பறித்தவர். ஆதலால் அம்மக்களின் மொழியை அறிந்தவன் என்ற முறையில் இப்பணி எனக்குக் கிடைத்தது. முதல் நாளிலே சம்மதப் பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது ஒரு பெண், “இதெல்லாம் எழுதி முடிச்சதும் எங்களுக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீங்களா தம்பி?” என்று கேட்டார். ஆம் என்றேன். அவ்வாறு கூற எனக்கு எவரும் அதிகாரம் தரவில்லை. அதைப் பற்றி நான் சிந்திக்கவுமில்லை.

கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள் மாத்திரை உட்கொண்டீர்கள் என்பது ஒரு வினா. தெரியாது என்பவர்க்கு ‘9’ என்னும் குறியீட்டை இட வேண்டும். மாலையில் நடைபெறும் கூட்டத்திலே எங்களை மேற்பார்வை செய்தவர், அதிகம் ஒன்பது இடுவோர் சரியாகக் கேட்கத் தெரியாதோர் என்று ஒருநாள் கூறினார். மறுநாள், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அதே பெண்ணிடம் அவ்வினாவைக் கேட்டேன். “அதெல்லாம் யாரு தம்பி எண்ணுனா? நீங்களே பாத்து எழுதிக்கங்க” என்றார். நான் ‘4’ என்று எழுதினேன். ஏழின் நடுவில் உள்ள எண்ணாதலால் அது எவருக்கும் தீங்கு செய்யாது எனத் தோன்றியது. அவ்வாறே மேலும் ஆறு வீடுகளில் எழுதினேன்.

பல மாதங்களின் பின்னர் கட்டுரை தயாராயிற்று. மொழிபெயர்ப்பிலும் தரவு சேகரிப்பிலும் முறையியற் பகுதியை எழுதுவதிலும் பங்குகொண்டமையால் என் பெயர் இறுதியில் இடப்பட்டது. சஞ்சிகைக்கு அனுப்பும் வேளையில் ஒவ்வொருவரும் தனித்தனியே இசைவு தெரிவிக்க வேண்டியிருந்தது. தரவுகளின் உண்மைக்கு நான் பொறுப்பு என்னும் வாசகத்தின் கீழ்ப் பெயரெழுத என்னால் இயலவில்லை. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய வைத்தியரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். என் பெயரை நீக்கிவிடும்படியும் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. உடனிருந்த ஒருவர், ஏழு படிவங்கள்தானே, இத்தனை பேருள் ஏழு எண்கள் மாறினால் என்ன நேர்ந்துவிடும், யார் கண்டுபிடிக்கப் போகின்றார் என்றார். இது வெறும் சாட்டு அன்று; விளைவைக் கொண்டு செயலை மதிப்பிடும் ஒழுக்கக் கொள்கையின் ஒரு வடிவமும் ஆகும். அதற்கு இரு விடைகள் கூறலாம். முதலாவது, விளைவு சிறியது என்பதை நாம் முன்கூட்டியே அறியோம். நடு எண்ணை எழுதுபவர் வேறுபாடுகளை மறைக்கின்றார் அல்லது இல்லாத ஒழுங்கை உண்டாக்குகின்றார். எமது ஆய்விலும் அவ்வேழு படிவங்களை நீக்கியபோது, தோட்டத்தின் இரு பிரிவுகளுக்கிடையே முன்னர் தெளிவாகத் தோன்றிய வேறுபாடொன்று மங்கிப் போயிற்று. இரண்டாவது விடை இதனிலும் அடிப்படையானது. மதிப்பீட்டாளர் கணிப்பைச் சரிபார்க்கலாம், வாதத்தைச் சோதிக்கலாம். லயத்தின் வாசலிலே நின்று கேட்டவர் உண்மையாகக் கேட்டாரா என்பதை உலகில் எந்த மதிப்பீட்டாளரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத இடத்தில் நம்பிக்கையே விஞ்ஞானத்தைத் தாங்குகின்றது. யாரும் கண்டுபிடிக்கமாட்டார் என்பது தவறு செய்வதற்கு அனுமதியன்று; அவ்விடத்திற் கூடுதலான நேர்மை வேண்டப்படுகின்றது என்பதற்குக் காரணமாகும்.

ஏழு படிவங்களும் நீக்கப்பட்டன; நீக்கப்பட்டமையும் அதற்கான காரணமும் முறையியற் பகுதியில் ஒரு வாக்கியமாக எழுதப்பட்டன. என் பெயரைப் பொறுத்தவரையில் வைத்தியர் இசையவில்லை. பெயரை எடுத்துக்கொண்டு போவது தப்புவது. இருந்து பதில் சொல்வதே சரி என்றார். முதலில் அனுப்பிய சஞ்சிகை கட்டுரையை ஏற்கவில்லை. பின்னர் பிராந்தியச் சஞ்சிகையொன்று, அந்த ஏழு படிவங்களைப் பற்றியே வினவி விடை பெற்ற பின்னர் திருத்தங்களுடன் ஏற்றது.

எனினும் ‘ஆம்’ என்று நான் கூறிய வாக்கு எஞ்சியிருந்தது. கட்டுரையின் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தோம். அந்தப் பெண்ணும் கைக்குழந்தையோடு வந்திருந்தார். அவர் கூறிய விடையை நான் மாற்றி எழுதியதையும், அதனால் அவரது படிவம் நீக்கப்பட்டதையும் அவரிடம் தனியே கூறினேன். அவர் கோபிக்கவில்லை. “அந்த மாத்திர போட்டா வயித்தப் பொரட்டும். மலையில நின்னுக்கிட்டு வாந்தியெடுக்க முடியுமா தம்பி? பேருக்கு மூணு நாலுன்னு சொல்லத்தான் எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஏன்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றார்.

அன்று ‘9’ என்று எழுதியிருந்தால், பலர் ஏன் விடை கூறவில்லை என்னும் வினா எங்கள் மேசையிலாவது எழுந்திருக்கும். நான் எழுதிய எண் அவ்வினாவை எழவிடாது தடுத்தது. அப்பெண் கூறியது எங்கள் கட்டுரையில் இல்லை. அது அப்பொழுது அச்சுக்குச் சென்றுவிட்டது.

கேட்போர் யார்?

இவ்வனுபவம் என்னை மீண்டும் பாயிரத்தின் ‘கேட்போர்’ என்னும் சொல்லுக்குக் கொண்டுவந்தது. எமது நாட்டில் மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். தகவற் பத்திரமும் சம்மதப் பத்திரமும் பங்குபற்றுவோரின் மொழியில், அஃதாவது சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும் எனக் குழுக்கள் வற்புறுத்துகின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆயின் பெறுபேறு அவ்வாறு திரும்பி வருவதில்லை. கேட்கும்போது தமிழிற் கேட்கின்றோம். கண்டதைச் சொல்லும்போது ஆங்கிலத்திற் சொல்கின்றோம். கடன் வாங்கிய மொழி ஒன்று, திருப்பிக் கொடுக்கும் மொழி வேறொன்று.

பிராந்தியச் சஞ்சிகைகளின் சிறப்பை இவ்விடத்தில் நோக்கலாம். உலகப் பெரும் சஞ்சிகைகள் எங்கும் பொருந்தும் முடிவுகளையே விரும்புகின்றன. ஒரு மாவட்டத்தின் குடிநீர், ஒரு தோட்டத்தின் மாத்திரை என்பன அவற்றுக்குச் சிறியவை. பிராந்தியச் சஞ்சிகைக்கு அவை சிறியவையல்ல. 1887 முதல் இலங்கையில் வெளிவரும் வைத்தியச் சஞ்சிகையும், உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கென 2012 இல் தொடங்கப்பட்ட பொதுச் சுகாதாரச் சஞ்சிகையும் இத்தேவையை நிறைவேற்றத் தோன்றியவையே. ஆயின் இரண்டினதும் மொழி ஆங்கிலம். இது தவிர்க்க முடியாதது என்போர் பிற பிராந்தியங்களைப் பார்த்தல் வேண்டும். அமெரிக்கக் கண்டங்களுக்கான சுகாதாரச் சஞ்சிகை 1922 இல் ஸ்பானியப் பெயரோடு தோன்றியது; அதன் வழிவந்த சஞ்சிகை ஸ்பானியம், போர்த்துக்கேயம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிற் கட்டுரைகளை ஏற்கின்றது. கிழக்கு மத்தியதரைக் கடற் பிராந்தியத்துக்கென 1995 இற் தொடங்கப்பட்ட சஞ்சிகை, கட்டுரைச் சுருக்கங்களை அறபு, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிட்டு வந்துள்ளது.

தமிழில் வைத்திய அறிவைக் கூற முடியாது என்னும் வாதத்துக்கும் இம்மண்ணிலேயே விடை உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மாணவரைப் பயிற்றியபோது பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, சத்திரசிகிச்சை முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். நோயாளரின் மொழியறியாத வைத்தியம் ஊரிலே வேரூன்றாது என்னும் தெளிவு அவரது பணியிற் புலப்படுகின்றது.

இங்கு ஓர் எதிர்வாதத்தைக் கவனித்தல் நேர்மையாகும். ஆய்வாளர் பலர் குறைந்த வசதிகளோடு உழைப்பவர்கள். அவர்களுடைய பதவி உயர்வு ஆங்கிலச் சஞ்சிகைகளில் வெளிவரும் கட்டுரைகளிலே தங்கியுள்ளது. மேலும் உலக அறிஞர் படித்துச் சோதிப்பதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆங்கிலத்தில் எழுதலாகாது என்பது என் கருத்தன்று. செம்மல்வைஸின் உதாரணம் பரவலாக அறிவித்தலின் தேவையையே வலியுறுத்துகின்றது. நான் கூறுவது, ஆங்கிலக் கட்டுரை கடனின் ஒரு பாதியை மாத்திரமே தீர்க்கின்றது என்பதாகும். மறுபாதிக்கு வேண்டியது பெரிய செலவன்று. இரண்டு பக்கத் தமிழும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், திரும்பிச் செல்லும் மனமும் போதும். சஞ்சிகைகள் தாமும் அனுமதி இலக்கத்தைக் கேட்பது போல, பங்குபற்றியோர்க்குப் பெறுபேறு எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்று ஒரு வரி கேட்கலாம். கேட்கத் தொடங்கினால் நாம் செய்யத் தொடங்குவோம்.

முடிவாக

அறிந்தவர் யாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் வினாவுக்கு இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒரு விடையைத் தொகுக்கலாம். அவர் தம் துறையினர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர்களே அவர் தவறைக் காணத்தக்கவர்கள். தமக்கு விடை தந்தவர்க்கும் அவர் சொல்லக் கடமைப்பட்டவர். ஏனெனில் அவ்வறிவு அவர்களிடமிருந்தே பெறப்பட்டது. அதன் தவறுகளுட் சிலவற்றை அவர்களால் மாத்திரமே காண முடியும். என் தவறை மதிப்பீட்டாளர் காணவில்லை. நானே கூறிய பின்னர்தான் அவர் வினவினார். மாத்திரை ஏன் உட்கொள்ளப்படவில்லை என்பதையோ பிள்ளைக் காம்பராவில் இருந்த ஒரு தாயே எங்களுக்கு உணர்த்தினார். ஆகவே பெறுபேற்றைத் திருப்பிச் சொல்லுதல் தருமச் செயலாக மாத்திரமன்றி, ஆய்வு முறையின் ஒரு படியாகவும் கருதப்படுதல் வேண்டும்.

எம்மில் பலர் நாளை வினாக்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு வாசலிலாவது நிற்கப்போகின்றோம். சுகாதாரம் பற்றியதாயினும், மொழி பற்றியதாயினும், இடப்பெயர்வு பற்றியதாயினும் நிலைமை ஒன்றே. அவ்வாசலிலே “தெரியாது” என்று ஒருவர் கூறினால் அதனை அவ்வாறே எழுதுவோம். ஏன் என்று ஒரு முறை கேட்போம். எழுதி முடித்ததும் அதே வாசலுக்கு ஒரு முறை திரும்பிச் செல்வோம். நான் சென்ற தோட்டத்திலே மாத்திரையை இரவு உணவின் பின்னர் உட்கொள்ளும்படி மருத்துவமாது இப்பொழுது தாய்மார்க்குக் கூறிவருகின்றார் என அறிகின்றேன். அது எந்தச் சஞ்சிகையிலும் இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.